ஷின்கான்சென் (புல்லட் ரயில்) நிற்கிற ஊர் என்று சொல்லித் தம்பியைக் கக்கெகாவாவுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அங்கே இருந்தவர்கள் யாராவது உண்டா?

கொக்குவில்_அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை சரிவந்திருக்கிறது. மொழிப் பரீட்சை, பராமரிப்புப் பரீட்சை இரண்டும் பாஸ். ஒப்பந்தக் கடுதாசியும் கைக்கு வந்துவிட்டது. இடம் ஷிசுவோக்கா மாகாணத்தில் கக்கெகாவா என்ற ஊர்.

நாங்கள் கேட்டது டோக்கியோவுக்குக் கிட்ட. பெரியம்மாவின் மகன் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார். ஏஜென்சிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "கக்கெகாவா ஷின்கான்சென் நிற்கிற ஊர். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் டோக்கியோ. இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போகிற ஆட்கள் நீங்கள், இதைப் போய்த் தூரம் என்கிறீர்களே" என்று பகிடியாகச் சொல்லி அம்மாவைச் சமாளித்துவிட்டார். தம்பி ஞாயிறு தோறும் அண்ணன் வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டு வருவான் என்று அம்மா இப்போது பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாயிற்று.

எனக்குத்தான் மனம் ஆறவில்லை. கடுதாசியில் உள்ள முகவரியை வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். கிட்ட இருக்கிற ஸ்ரேசன் கக்கெகாவா இல்லை, ஹரானோயா என்று ஒன்று. படத்தில் பழைய மரக்கட்டடம் ஒன்று தெரிகிறது, பக்கத்தில் ஒற்றைப் பெட்டி ரயில் நிற்கிறது. புல்லட் ரயில் நிற்கிற ஊருக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்னும் இரண்டு விடயம். பெரிய சூட்கேஸ் இரண்டோடு விமான நிலையத்திலிருந்து தனியாகப் போய்ச் சேர முடியுமா? ரயில் பாஸ் ஒன்று இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார்கள், அது தேவையா? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

தண்டவாளப்_பிரியன் (சுன்னாகம்) எழுதியது:

அக்கா, நான் ஜப்பான் போனதில்லை. ஆனால் ரயில் என்றால் விடமாட்டேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

டோக்கியோவிலிருந்து கக்கெகாவா ரயில்பாதைக் கணக்கில் 229 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டையிலிருந்து வவுனியா போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. அதை ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ஓடுவது உண்மைதான். 1964 ஒக்டோபர் 1 இல் திறந்த தொக்காய்தோ ஷின்கான்சென் பாதை அது. உலகத்தின் முதல் அதிவேக ரயில்பாதை. இப்போது உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீற்றர்.

ஒரு விடயம் தெரியுமா? ஷின்கான்சென் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீற்றர். அதே ஸ்ரேசனில் நிற்கிற உள்ளூர் ரயிலுக்கு 1067 தான். எங்கள் யாழ்தேவி ஓடுகிற பாதை 1676. அகலத்தில் நாங்கள்தான் பெரிய ஆட்கள்! வேகத்தைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

இந்த அகல வித்தியாசத்தால் ஷின்கான்சென் உள்ளூர்ப் பாதைக்குள் இறங்கி ஓட முடியாது. அதனால் கக்கெகாவாவில் இறங்கி ரயில் மாறித்தான் ஹரானோயாவுக்குப் போகவேண்டும். மற்றதெல்லாம் அங்கே இருந்தவர்கள் சொல்லட்டும்.

மட்டுவில்_தோட்டக்காரன் எழுதியது:

தங்கச்சி, நான் கக்கெகாவாவில் குடியிருந்தவன். வேலை அடுத்த ஊரான கிகுகாவாவில், வாகன உதிரிப்பாகம் செய்கிற ஒரு பட்டறையில். வீடு கக்கெகாவா ஸ்ரேசனுக்கு வடக்குப் பக்கம். ஊரோடு வந்து கொஞ்சக் காலமாகிவிட்டது, இப்போது தோட்டம்தான். நேர அட்டவணை, ரிக்கற் விலை எல்லாம் மாறியிருக்கலாம், போகமுன் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ரேசன் இருந்த இடத்தில்தான் இருக்கும்.

ஏஜென்சிக்காரர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது ஸ்ரேசனைப் பற்றி. உங்கள் தம்பியின் வேலை ஸ்ரேசனுக்குள் இல்லையே.

அந்த ஒரு ஸ்ரேசனில் மூன்று விதமான ரயில் இருக்கிறது. தெற்குப் பக்கம் ஷின்கான்சென், தூண்களுக்கு மேலே உயரத்தில். அதற்கு வடக்கே பழைய தொக்காய்தோ பிரதான பாதை. 1889 இல் கக்கெகாவாவுக்கு ரயில் வந்ததே இந்தப் பாதையில்தான். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் இதில்தான் போவார்கள். நானும் இதில்தான், ஒரே ஒரு ஸ்ரேசன் தள்ளி. பகலில் மணிக்கு மூன்று ரயில் என்ற அளவில் ஓடும். இருக்கை சுவரோரமாக நீளத்துக்கு, முகத்துக்கு முகம் பார்த்தபடி. நெடுந்தூரம் போனால் முதுகு சொல்லும். மூன்றாவது, வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் தனியான சின்னக் கட்டடம், தனியான ரிக்கற் வாசல். அதுதான் தென்ரியூ ஹமனாக்கோ பாதை, ஊரார் வாயில் தென்ஹாமா. உங்கள் தம்பியின் ரயில் அது.

ஷின்கான்சென் நிற்கிறது என்றால் எல்லா ஷின்கான்செனும் நிற்கிறது என்று நினைக்கக்கூடாது. அந்தப் பாதையில் மூன்று வகை ஓடுகிறது. நொசோமி என்பது பெரிய நகரங்களில் மட்டும் நிற்பது, ஹிக்காரி நடுத்தரம், கொடாமா எல்லா ஸ்ரேசனிலும் நின்று நின்று போவது. கக்கெகாவாவில் கொடாமா மட்டும்தான். மணிக்கு இரண்டு என்ற கணக்கு. மற்ற இரண்டும் நிற்காமல் நடுப்பாதையால் பறக்கும். அங்கே நாலு தண்டவாளம், வெளிப்பக்க இரண்டுக்குத்தான் மேடை உண்டு. கொடாமா ஓரத்தில் ஒதுங்கி நின்று பின்னால் வருகிறவனுக்கு வழிவிடும். உள்ளே இருப்பவருக்குப் பெட்டி ஒரு குலுக்குக் குலுங்கும், அவ்வளவுதான், நொசோமி போய்விட்டது. எங்கள் பாதை ஒற்றைப் பாதை, எதிரே வருகிற ரயிலுக்காகக் காத்திருப்போம். அவர்களுடையது இரட்டைப் பாதை, பின்னால் வருகிற ரயிலுக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கிறது ஒன்றுதான்.

இப்போது காசு. டோக்கியோவுக்கு ஒரு வழி, இருக்கை பதிவு செய்யாமல் கொடாமாவில் போனால் 7,500 யென் அளவில் வரும். போய்வர 15,000. ஞாயிறு தோறும் போனால் மாதம் 60,000 யென். வீட்டுக்குக் காசு அனுப்பப் போகிற பெடியன் இதைச் செய்வானா? அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஷின்கான்செனுக்கு மேலதிகமாக எடுக்கிற வேக ரிக்கற்றை விட்டு வெறும் பயண ரிக்கற்றோடு உள்ளூர் ரயிலில் போகலாம், நாலாயிரம் யென் அளவில். ஆனால் இடையில் அத்தாமி என்ற ஸ்ரேசனில் மாறவேண்டும், வேறு இடத்திலும் மாற வேண்டி வரும், நாலு மணி நேரத்துக்குக் கிட்டப் பிடிக்கும். ஒரே நாளில் போய்வர ஏலும், சோறு சாப்பிடுகிற நேரம்தான் மிஞ்சும். இந்தப் பாதையில் சுயிக்கா என்கிற, காசு ஏற்றி வைக்கிற அட்டையைத் தட்டி உள்ளே போய்விட்டு, கக்கெகாவாவில் தட்டி வெளியே வரலாம் என்று நம்பவேண்டாம். டோக்கியோப் பக்கமும் ஷிசுவோக்காப் பக்கமும் வேறு வேறு வலயம், எல்லை அத்தாமியில். கடதாசி ரிக்கற் எடுப்பதுதான் சரி.

வருடத்தில் மூன்று பருவத்தில் விற்கிற "செய்ஷுன் 18" என்ற ரிக்கற் உண்டு. பெயரில் 18 இருந்தாலும் வயதெல்லை இல்லை. உள்ளூர் ரயில்களில் மட்டும் ஏறலாம். முன்னே ஐந்து நாளையும் விரும்பிய நாட்களில் பிரித்துப் பாவிக்கலாம், நண்பர்களோடு பங்குபோடலாம். 2024 குளிர்காலத்திலிருந்து ஒருவருக்குத்தான், அதுவும் தொடர்ந்து 3 நாள் அல்லது 5 நாள் என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் சேர்ந்து லீவு கிடைக்கிறபோது யோசிக்கலாம்.

ரயில் பாஸ் வாங்கவே வேண்டாம். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் குறுகிய கால வருகை முத்திரையோடு போகிற சுற்றுலாக்காரருக்கு உரியது. வேலை விசாவில் போகிறவருக்கு அங்கே மாற்றித் தரமாட்டார்கள். 2023 ஒக்டோபரில் 7 நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. யார் சொன்னது என்று தெரியாது, அந்தக் காசைத் தம்பியின் கையில் கொடுத்துவிடுங்கள்.

சரி, தென்ஹாமாவுக்கு வருகிறேன். ஒற்றைத் தண்டவாளம், டீசல், பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டி. சாரதி மட்டும்தான், நடத்துநர் இல்லை. கக்கெகாவாவிலிருந்து ஹமனா ஏரியின் வடகரையால் சுற்றி ஷின்ஜொஹாரா வரை 67.7 கிலோமீற்றர். ஆளில்லாத ஸ்ரேசனில் ஏறும்போது ஒரு இலக்கத் துண்டு எடுக்கவேண்டும். இறங்கும்போது முன்னால் உள்ள பலகையில் அந்த இலக்கத்துக்கு நேரே எவ்வளவு காட்டுகிறதோ அதைச் சாரதிக்குப் பக்கத்துப் பெட்டியில் போடவேண்டும். ஆயிரம் யென் தாளும் சில்லறையும் எப்போதும் பொக்கற்றில் இருக்கட்டும். பத்தாயிரம் தாளை நீட்டினால் அந்தச் சாரதி பாவம். நான் இருந்த காலத்தில் அட்டை தட்டுகிற வசதி அதில் இல்லை. ஹரானோயா ஏறத்தாழ இருபது நிமிடம். ரயில் மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போனது போனதுதான்.

அந்தப் பாதை ஏன் வந்தது என்பதை அங்கே ஒரு வயதானவர் எனக்குச் சொன்னார், பிறகு தேடிப் பார்த்தேன், சரிதான். பிரதான பாதை ஹமனா ஏரியின் வாயைப் பாலத்தால் கடக்கிறது. போர் வந்து பாலத்துக்குக் குண்டு விழுந்தால் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் ரயில் அறுந்துவிடும் என்று, மலைப்பக்கத்தால் மாற்றுப் பாதை போட்டார்கள். 1940 இல் முழுதாக ஓடத் தொடங்கியது. குண்டு விழமுன்னமே இரண்டாவது பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் 1990 இல் கோச்சி நின்றபோது நான் பள்ளிக்கூடப் பெடியன். இருந்த ஒரே பாதையும் போய், சிலீப்பர் கட்டைகள் பங்கருக்குள் போய்விட்டன. நாளாந்தம் ரயிலில் வேலைக்குப் போவது எப்படியென்று நான் அங்கேதான் பழகினேன்.

போர் முடிந்து அரசாங்க ரயில்வே நட்டத்தில் ஓடி, அந்தப் பாதையை மூடப்போகிறோம் என்றது. மாகாணமும் ஊர்களும் சேர்ந்து கம்பனி அமைத்து 1987 மார்ச்சில் பொறுப்பெடுத்தன. இன்றைக்கும் ஓடுகிறது என்றால் அதனால்தான். தென்ரியூ புத்தாமாத்தா ஸ்ரேசனில் நீராவி இயந்திரக் காலத்துச் சுழல்மேடையும் அரைவட்டக் கொட்டகையும் அப்படியே இருக்கின்றன, சுழல்மேடை இப்போதும் சுற்றுகிறது. தம்பிக்கு லீவு கிடைத்தால் அதைப் பார்க்கட்டும்.

கக்கெகாவாவுக்கு ஷின்கான்சென் வந்த கதையும் இதே மாதிரித்தான். 1964 இல் பாதை ஊருக்குள்ளால் போனது, ஆனால் நிற்கவில்லை. ஷிசுவோக்காவுக்கும் ஹமாமட்சுவுக்கும் இடையில் எழுபது கிலோமீற்றருக்கு மேல், ஒரு ஸ்ரேசன் கூட இல்லை. சத்தம் மட்டும் ஊராருக்கு. ஷின்முரா ஜுன்இச்சி என்ற நகரபிதா 1977 இல் வந்தார், 2005 வரை அவர்தான். ஸ்ரேசன் வேண்டுமென்று விடாமல் நின்றார். காசை நீங்களே தாருங்கள் என்பதுதான் அங்கே நடைமுறை. நகரசபை, சுற்றியுள்ள ஊர்கள், கம்பனிகள், அதோடு வீட்டுக்கு வீடு சனங்களிடம் சேர்த்த காசு எல்லாம் போட்டுத்தான் 1988 மார்ச் 13 இல் ஸ்ரேசன் திறந்தார்கள். நான் இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவும் கொடுத்தவர். நொசோமி நிற்காமல் போகும்போதெல்லாம் "நான் காசு கொடுத்த ஸ்ரேசன், மரியாதை தெரியாதவன் போகிறான்" என்று சிரிப்பார்.

அவ்வளவு காசு போட்டுத் தெற்கே புது ஸ்ரேசன் கட்டியவர்கள் வடக்கு வாசலில் இருந்த பழைய மரக்கட்டடத்தை இடிக்கவில்லை. நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று வந்தபோதும், பலப்படுத்தி மரத்தோற்றத்தோடே திருத்தி எழுப்பினார்கள். ஷின்கான்சென் நிற்கிற ஸ்ரேசனுக்கு மரத்தில் வாசல் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே விறகுக்கட்டை முதுகில் சுமந்தபடி புத்தகம் படிக்கிற சிறுவனின் சிலை நிற்கும். நினோமியா கின்ஜிரோ. விவசாயிகளுக்குச் சிக்கனமும் சேமிப்பும் சொல்லிக்கொடுத்த பெரியவர், சிலையில் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறார். எங்கள் யாழ்ப்பாணத்து அப்பா அம்மாமார் பார்த்தால் வீட்டு முற்றத்தில் ஒன்று வைக்கச் சொல்வார்கள். அந்தத் தெருவால் நேரே நடந்தால் பத்து நிமிடத்தில் கோட்டை, 1994 இல் மரத்தாலேயே திரும்பக் கட்டியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிட்டத்தில் ஷிசுவோக்கா விமான நிலையம் இருக்கிறது, 2009 இல் திறந்தது. ஷின்கான்சென் சுரங்கம் அந்த விமான நிலையத்துக்கு அடியாலேயே போகிறது! அங்கே ஒரு ஸ்ரேசன் தாருங்கள் என்று மாகாணம் கேட்டுக்கொண்டே இருந்தது. கக்கெகாவா மிகவும் கிட்ட, ரயில் வேகம் எடுக்கமுன் நிற்கவேண்டி வரும் என்று அந்த ஷின்கான்செனை ஓட்டுகிற ஜே.ஆர். தொக்காய் கம்பனி மறுத்துவிட்டது. முந்திக் கேட்டவனுக்குக் கிடைத்தது.

தம்பி போகட்டும், நல்ல ஊர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது, பச்சைத் தேநீர் அங்கே தண்ணீர் மாதிரி. ஆனால் கையெழுத்துப் போடமுன் ஏஜென்சியிடம் ஷின்கான்செனைப் பற்றி ஒன்றும் கேட்கவேண்டாம். தங்குமிடம் வேலையிடத்திலிருந்து எவ்வளவு தூரம், அதிகாலை வேலை முறைக்கு எத்தனை மணிக்கு அங்கே நிற்கவேண்டும், பின்முறை முடிந்தபின் கடைசித் தென்ஹாமா பிடிபடுமா, இதைக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அங்கே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கொக்குவில்_அக்கா எழுதியது:

ஐயா, மெத்தப் பெரிய உபகாரம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 60,000 யென் என்றதும் சோற்றுக் கதை நின்றுவிட்டது. நீங்கள் இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மாவின் பேச்சுக்கு மட்டும் அம்மா சிரித்தார்.

ஏஜென்சிக்குக் கேள்வியை அனுப்பியிருக்கிறேன். அதுவரைக்கும் சூட்கேஸ் விடயம் யாராவது சொல்லுங்கள். அம்மா மிளகாய்த்தூள் இடிக்கக் கொடுத்துவிட்டார், ஒடியல்மா வேறு. கறுத்தக்கொழும்பான் பத்துக் கட்டலாமா என்றும் கேட்கிறார்.

நெல்லியடிப்_பிள்ளை எழுதியது:

அக்கா, நான் இப்போது ஷிசுவோக்கா மாகாணத்தில்தான் பராமரிப்பு வேலை செய்கிறேன், கக்கெகாவாவில் இல்லை. ஐயா சொன்ன முறை நேரக் கதை நூற்றுக்கு நூறு. எங்கள் இடத்தில் அதிகாலை முறை 7 மணிக்குத் தொடங்கும், உடுப்பு மாற்ற அதற்கு முன்னே நிற்கவேண்டும். பின்முறை இரவு ஏழு எட்டு வரை. இரவுமுறை என்றால் மாலையில் போய் அடுத்த நாள் காலைதான். மணிக்கு ஒரு ரயிலை நம்பி இதைச் செய்வது கரைச்சல். இங்கே எல்லோரும் சைக்கிள்தான். ஷிசுவோக்கா மாகாணத்தில் சைக்கிளுக்குக் காப்புறுதி கட்டாயம், இரவில் விளக்கு இல்லாமல் ஓடினால் பொலிஸ் மறிக்கும். மழைக்கோட்டு வாங்கட்டும், குடை பிடித்துக்கொண்டு ஓடவும் கூடாது.

மாம்பழம் வேண்டவே வேண்டாம். இலங்கையிலிருந்து பச்சையாக மாம்பழம் கொண்டுவர விடமாட்டார்கள், விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள். கறிவேப்பிலையும் கட்டவேண்டாம். இறைச்சிப் பொருள் எதுவும் ஆகாது. தூள், மா வகை வடிவாக ஒட்டி, என்ன என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் கேட்கும்போது காட்டலாம்.

சூட்கேஸ்: தொக்காய்தோ ஷின்கான்செனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்ரிமீற்றருக்கு மேல் போனால், பெரிய பொதிக்கான இடத்தோடு உள்ள இருக்கையை முன்னமே பதிவு செய்யவேண்டும். அதற்கென்று தனிக்காசு இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டவேண்டும். 250 சென்ரிமீற்றருக்கு மேல் கொண்டுபோகவே முடியாது. விமானக் கம்பனிகள் வழக்கமாக 158 வரைதான் விடுவார்கள், அதனால் சாதாரண சூட்கேஸ் என்றால் பயமில்லை. கயிறு கட்டிய காட்போட் பெட்டிதான் பிரச்சினை, அதை அம்மாவிடம் சொல்லுங்கள். சில்லையும் கைபிடியையும் சேர்த்து அளக்கவேண்டும்.

இரண்டு பெட்டியை இழுத்துக்கொண்டு டோக்கியோ ஸ்ரேசனில் ஓடித்திரிவது பாவம். ஒன்றை விமான நிலையத்திலேயே பொதி அனுப்புகிற கவுண்டரில் கொடுத்தால் அடுத்த நாள் அளவில் தங்குமிடத்துக்கு வந்துவிடும். முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கட்டும். பெரும்பாலும் வேலை கொடுப்பவர்கள் ஆள் அனுப்புவார்கள், அதையும் கேட்டுப் பாருங்கள்.

தண்டவாளப்_பிரியன் (சுன்னாகம்) எழுதியது:

ஐயா, விறகு சுமக்கிற பெடியன் சிலை, சுழல்மேடை, சுரங்கத்துக்கு மேலே விமான நிலையம்... இவ்வளவையும் அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்து மட்டுவிலில் வெங்காயம் நடுகிறீர்களே. எக்கோபா விளையாட்டரங்கும் அங்கே கிட்டத்தானே? 2019 றக்பி உலகக் கிண்ணத்தில் ஜப்பான் அயர்லாந்தை வென்ற இடம்.

மட்டுவில்_தோட்டக்காரன் எழுதியது:

வெங்காயம் இல்லை, இந்தப் போகம் மிளகாய். ஓம், அந்த அரங்குக்குப் போக அய்னோ ஸ்ரேசனில் இறங்கவேண்டும், கக்கெகாவாவுக்கு மேற்கே ஒரே ஒன்று தள்ளி. பெரிய ஆட்டம் உள்ள நாளில் ஷின்கான்செனில் வந்து இறங்குகிற சனம் முழுக்கக் கக்கெகாவாவில் உள்ளூர் ரயிலுக்கு மாறும். அன்றைக்கு மட்டும் அந்த ஸ்ரேசன் நல்லூர்த் தேர் வீதி. தம்பி அந்த நாட்களில் ஸ்ரேசன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஆட்டத்துக்கே போய்விடவேண்டும்.

நெல்லியடித் தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. சைக்கிள்தான் அந்த ஊரின் உண்மையான ரயில் என்று நானும் சொல்வேன். ஆனால் ஹரானோயாப் பக்கம் மேடும் பள்ளமும் உண்டு, கியர் உள்ள சைக்கிளாகப் பார்க்கட்டும்.

கொக்குவில்_அக்கா எழுதியது:

பதில் வந்துவிட்டது. தங்குமிடம் வேலையிடத்திலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடமாம். சைக்கிள் அவர்களே தருகிறார்களாம், கியர் பற்றி இனித்தான் கேட்கவேண்டும். கடை, வங்கி, நகரசபை அலுவலுக்கு மட்டும் கக்கெகாவா போகவேண்டி வரும். அப்படியென்றால் மணிக்கு ஒரு ரயில் போதும் என்று தம்பி சொல்கிறான். ஏஜென்சிக்காரருக்கு ஹரானோயா என்ற பெயரே நாங்கள் சொல்லித்தான் தெரியும் போலிருந்தது.

ஒரே ஒரு சிக்கல். வேலையிடத்து ஆள் கக்கெகாவா வடக்கு வாசலில்தான் நிற்பாராம், விமான நிலையத்துக்கு வரமாட்டாராம். ஆகவே நரித்தாவிலிருந்து கக்கெகாவா வரை தம்பி தனி. அம்மாவுக்கு நித்திரை இல்லை.

மட்டுவில்_தோட்டக்காரன் எழுதியது:

நடந்து போகிற தூரம் என்றால் கையெழுத்துப் போடலாம் தங்கச்சி. பயப்பட ஒன்றுமில்லை, இரண்டே ரயில்.

நரித்தாவில் விமான நிலையத்துக்கு அடியிலேயே நரித்தா எக்ஸ்பிரஸ் ஏறலாம், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் டோக்கியோ ஸ்ரேசன். ஷினகாவாவிலும் மாறலாம், ஆனால் டோக்கியோவில் மாறுவது நல்லது. கொடாமா அங்கேதான் புறப்படும், ஏறும்போது பெட்டி வெறுமையாக இருக்கும். ஆறுதலாக ஏறி, கடைசி வரிசை இருக்கைக்குப் பின்னால் சூட்கேஸை வைக்கலாம், பதிவு செய்த இருக்கை என்றால் இன்னும் நிம்மதி. நரித்தா எக்ஸ்பிரஸ் வந்து நிற்பது நிலத்துக்கு அடியில் ஆழத்தில், அங்கிருந்து ஷின்கான்சென் மேடைக்கு நல்ல நடை இருக்கிறது. இடையில் அரை மணி நேரமாவது விட்டு ரிக்கற் எடுக்கட்டும். மின்தூக்கி எங்கே என்று தேடிப் பிடிக்கட்டும், இரண்டு பெட்டியோடு படியில் ஏறவேண்டாம்.

சாப்பாடு டோக்கியோவிலேயே வாங்கிக்கொண்டு ஏறவேண்டும். கொடாமாவில் தள்ளுவண்டி விற்பனை 2012 இல் நின்றது, நொசோமியிலும் ஹிக்காரியிலும் கூட 2023 இல் நிறுத்திவிட்டார்கள். யாழ்தேவியில் மாதிரி வடை, வடை என்று யாரும் வரமாட்டார்கள்.

ஷிசுவோக்கா என்று அறிவித்து நின்று புறப்பட்டதும் எழும்பிப் பெட்டிகளைக் கதவுக்குக் கிட்டக் கொண்டுவரட்டும். அடுத்தது கக்கெகாவா, கால் மணி நேரம் அளவில் வந்துவிடும். இறங்குவது தெற்குப் பக்கம், ஆள் நிற்பது வடக்கு வாசல். ஸ்ரேசனுக்குள்ளேயே கடந்து போக வழியுண்டு. "கித்தாகுச்சி" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். மரவாசல் தெரிந்தால் சரியான பக்கம்.

ஒன்றை மட்டும் அம்மா நித்திரையிலும் சொல்லட்டும்: டோக்கியோ மேடையில் நிற்கிற வெள்ளை ரயில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். பலகையில் கொடாமா என்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும். நொசோமியில் ஏறிக் கதவு மூடிவிட்டால், ஷின்யோகோஹாமாவுக்குப் பிறகு நகோயாவில்தான் இறக்கிவிடும்.